“இந்த மாத்திரை போட்டா மெடிக்கல்ல தூக்கிடுவாங்களா டாக்டர்?”

காவலர் தேர்வு அறிவிப்பு வரட்டும், ராணுவ ஆள்சேர்ப்பு வரட்டும், துணை ராணுவமோ ரயில்வேயோ எதுவாவது வரட்டும். அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள இந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்துடும். ஒரத்தநாட்டுல இருந்து வரும், பட்டுக்கோட்டையில இருந்து வரும், மன்னார்குடியில இருந்து வரும். கேக்குறது பெரும்பாலும் பையன் இல்ல, அவங்க அம்மா. பையன் வெளியில பைக்ல உக்காந்திருப்பான்.

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் மனநல மருத்துவர் இல்ல, பொது மருத்துவன். வேலையில சேரப் போறவங்களுக்கு உடற்தகுதிச் சான்றுல கையெழுத்துப் போடுற ஆள். கீழே வர்ற நோயாளிகள் யாரும் ஒரே ஆள் கிடையாது. பல பேர் கதையைக் கலந்து, அடையாளத்தை மாத்தித்தான் சொல்றேன்.

ஊர்ல சுத்துற வதந்தி இதுதான்: “மனநலப் பிரிவுல ஒரு தடவை ஓ.பி. சீட்டு போட்டுட்டா பேரு கம்ப்யூட்டர்ல ஏறிடும். அப்புறம் பாஸ்போர்ட் வராது, போலீஸ் வெரிஃபிகேஷன்ல மாட்டிக்கும், அரசு வேலை கனவுல கூட கிடைக்காது.”

இதை நம்பித்தான் தஞ்சாவூர்க்காரர் திருச்சிக்குப் போய் வைத்தியம் பாக்குறாரு, திருச்சிக்காரர் மதுரைக்குப் போறாரு. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல சொந்தக்காரங்க கண்ல பட்டா “கல்யாணத்துக்கு வந்தேன்”னு சொல்றாங்க. கொஞ்சம் பேர் குணசீலத்தோட நிறுத்திக்கிறாங்க. (குணசீலம் போறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. பெருமாளையும் பாருங்க, மாத்திரையையும் போடுங்க.)

உண்மை என்னன்னா, பாஸ்போர்ட்டுக்கு வர்ற போலீஸ் விசாரணை உங்க மேல வழக்கு இருக்கா, நீங்க சொன்ன முகவரியில இருக்கீங்களா, குடியுரிமை சரியா என்பதைப் பார்க்கிறது. நீங்க தூக்கத்துக்கு என்ன மாத்திரை போடுறீங்கன்னு பாக்குறது இல்ல. எந்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுப் பதிவேடும் காவல் நிலையத்தோட இணைக்கப்படவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதாவது 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 23-ஆம் பிரிவில் உங்கள் நோய் விவரம் ரகசியம் என்று எழுதியே வைத்திருக்கிறது. விதிவிலக்கு உண்டு: யாருடைய உயிருக்காவது ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, பொதுப் பாதுகாப்பு. அது தவிர உங்க மருத்துவர் வாய் திறக்கக் கூடாது.

எழுத்தர், ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர் மாதிரி வேலைகளுக்கு நாங்க கையெழுத்துப் போடுற வழக்கமான சான்று, “இவரிடம் தொற்று நோயோ வேறு நோயோ உடற்குறையோ இருப்பதாக என்னால் கண்டறிய முடியவில்லை” என்கிற வகையில்தான் இருக்கும். அதுல குறை இருந்தா குறிப்பிட்டுட்டு, “இதை நான் தகுதிக் குறைவாகக் கருதவில்லை”ன்னு எழுதவும் இடம் இருக்கு. பழைய காலத்து ஆங்கிலம் தான், ஆனா அந்தக் கடைசி வரி இன்னிக்கும் அருமையான வரி. நோய் வேற, தகுதி வேறன்னு அதை எழுதின ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஆனா எல்லாப் படிவமும் அப்படி இல்ல.

மத்திய அரசுப் பணி மருத்துவப் பரிசோதனையில விண்ணப்பதாரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய ஒரு வாக்குமூலம் பல காலமா இருக்கு. அதுல ரெண்டு கேள்வி. ஒண்ணு: அதிக வேலையாலோ வேறு காரணத்தாலோ உங்களுக்கு எப்போதாவது நரம்புத் தளர்ச்சி மாதிரி ஏதாவது வந்ததா? இன்னொண்ணு: உங்கள் நெருங்கிய உறவினர் யாருக்காவது காசநோய், கண்டமாலை, கீல்வாதம், ஆஸ்துமா, வலிப்பு, பைத்தியம் இருந்ததா? பொய் சொன்னா வேலை போகும், பென்ஷன், பணிக்கொடை உரிமையும் போகும்னு கீழே எச்சரிக்கை.

கண்டமாலைன்னா கழுத்துல வர்ற காசநோய்க் கட்டி. இப்ப படிக்கிற மருத்துவ மாணவர்ல பாதிப் பேர் அந்த ஆங்கில வார்த்தையை அகராதியில தேடுவாங்க. அந்தக் காலத்து வரிசையில கண்டமாலைக்கும் ஆஸ்துமாவுக்கும் பக்கத்துல மனநோயை உக்கார வெச்சு, உங்க சித்தப்பாவுக்கு வந்தா நீங்களும் சந்தேகத்துக்குரிய ஆள்னு கேக்குறோம். அதிக வேலையால எப்பவாவது நரம்பு தளரலைன்னு சத்தியமா சொல்லக் கூடிய ஒரு மனுஷன் இந்த நாட்டுல இருந்தா எனக்குக் காட்டுங்க. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா திறக்காதான்னு வானத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்க்கிற நம்ம ஊர் விவசாயி வீட்டுப் பிள்ளையா இருந்தா நிச்சயமா முடியாது.

சீருடைப் பணிகள்ல விதி இன்னும் கடுமை. துணை ராணுவப் படைகள்ல மனநோய் வரலாறு இருந்தாலே நிராகரிக்கக் காரணமா விதிகள்ல இருக்கு. இதை மறைச்சு உங்களுக்கு இனிப்பா பேச எனக்கு விருப்பம் இல்ல. அந்த அம்மாக்கள் கேக்குற கேள்விக்கு நேர்மையான பதில்: சில வேலைகளுக்கு, ஆமாம், தூக்கலாம்.

(எஸ்.எஸ்.பி.யில ராணுவ அதிகாரிகளுக்கு வைக்கிற உளவியல் தேர்வு வேற விஷயம். 60 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் 15 விநாடி, மனசுல தோணுறதை எழுதணும். அது நோயைக் கண்டுபிடிக்கிற தேர்வு இல்ல, தலைமைக்கு ஏத்த ஆளான்னு பாக்குறது. குழப்பிக்காதீங்க.)

இப்ப என் கருத்துக்கு வர்றேன்.

துப்பாக்கி, விமானம், ரகசியக் கோப்பு, அணு உலை. இதையெல்லாம் கையில கொடுக்குற ஆளோட மனநலத்தைப் பாக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. நாத்து நடுறவங்க தலைக்கு மேல போர் விமானம் பறக்குற ஊர் நம்ம ஊர். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013 மே 27-ல் திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 படைப்பிரிவு இங்கே நிக்குது. அந்த விமானியோட மனசு தெளிவா இருக்கணும், ராத்திரி நல்லா தூங்கியிருக்கணும்னு ஆசைப்படுறதுல முதல் ஆள் நான்தான். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைக்குள்ள போற வர்ற ஆளுக்கும் அதேதான்.

கேள்வி என்னன்னா, எதைப் பாக்குறோம்?

சர்க்கரை நோயை ரத்தத்துல பிடிச்சிடலாம். காசநோயை எக்ஸ்-ரேயில பிடிச்சிடலாம். நீங்க மறைச்சாலும் தெரிஞ்சிடும். மனச்சோர்வை எந்த ரத்தக் குழாயும் சொல்லாது. அந்த ஆளே வாயைத் திறந்தாத்தான் உண்டு. ஆள்சேர்ப்பு முகாம்ல வரிசையில நிக்கிற நூத்துக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு டாக்டர் எத்தனை நிமிஷம் தர முடியும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. ஆக, இந்தப் பரிசோதனை மொத்தமும் விண்ணப்பதாரரோட உண்மையை நம்பித்தான் நிக்குது. உண்மை சொன்னா வெளியே, பொய் சொன்னா உள்ளேன்னு விதி வெச்சுட்டா என்ன ஆகும்? உண்மை சொன்ன பையன் வீட்டுக்குப் போறான். சொல்லாத பையன் கையில துப்பாக்கி போகுது. அதைவிட மோசம், வைத்தியமே பாக்காத பையன் பொய்கூட சொல்ல வேண்டியதில்ல. “நோய் இருக்கா?” “தெரியாது சார்.” சுத்தமான பதில்.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16, நிம்ஹான்ஸ் நடத்தினது) சொன்னபடி, பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கு. நோய்க்கு நோய் மாறும், ஆனா அவங்கள்ல 70 முதல் 92 சதவீதம் பேர் வைத்தியம் எடுக்கல. நம்ம படிவம் யாரைப் பிடிக்குது? மீதிச் சொச்சத்தை. அதாவது வைத்தியம் எடுத்துக்கிட்டு ஒழுங்கா இருக்கிறவங்களை.

இன்னொரு கூத்து. தினமும் சாயங்காலம் ரெண்டு குவார்ட்டர் போடுற ஆள் எல்லாக் கேள்விக்கும் “இல்லை”ன்னு டிக் அடிச்சுட்டு நெஞ்சு விரிய வெளிய வர்றாரு. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா இறந்தப்ப ஆறு மாசம் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு, குணமாகி, இன்னிக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடுற பையன் பயந்து நடுங்குறான். கையில ஆயுதம் கொடுக்கணும்னா இவங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கொடுப்பீங்க?

இந்த விஷயத்துல உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை ஒவ்வொரு போலீஸ் குடும்பமும் தெரிஞ்சுக்கணும். ரவீந்தர் குமார் தாரிவால் எதிர் இந்திய ஒன்றியம், 2021 டிசம்பர் 17.

அவர் 2001-ல் சி.ஆர்.பி.எஃப்.பில் சேர்ந்த அதிகாரி. 2009-ல் எண்ணச் சுழற்சி நோயும் (ஓ.சி.டி.) அதோட சேர்ந்த மனச்சோர்வும் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. 2010-ல் அவர் மேல புகார்: கொல்லணும்ங்கிற எண்ணம் தனக்குத் திரும்பத் திரும்ப வருதுன்னு சொன்னார், இன்னும் சில ஒழுங்கீனங்கள். துறை விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை, வருஷக்கணக்கில் இழுபறி.

ஒரு மருத்துவனா இதை உங்களுக்கு விளக்கணும். ஓ.சி.டி.யில வர்ற எண்ணம், அந்த ஆள் விரும்பாத எண்ணம். குழந்தையைத் தூக்கும்போது “கீழ போட்டுடுவேனோ”ன்னு ஒரு தாய்க்குத் தோணும். அவ போடமாட்டா. போட்டுடுவேனோங்கிற பயம்தான் அவளைக் கொல்லும். அந்த எண்ணத்தை வெளிய சொல்றது உதவி கேக்குறது. அதையே வாக்குமூலமா எடுத்துக்கிட்டா, அடுத்த ஆள் சொல்லுவானா?

நீதிமன்றம் அந்த ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. நோய் அந்த நடத்தைக்கு ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதுக்காகத் தண்டிப்பது பாகுபாடுன்னு சொன்னது. அடுத்து சொன்னதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இப்போதைய பணிக்கு அவர் பொருந்தலைன்னா வேற பணிக்கு மாத்துங்க, சம்பளத்தையும் பணி நிபந்தனைகளையும் குறைக்காதீங்க. மாத்துற பணியில துப்பாக்கியோ ஆபத்தான கருவியோ அவர் கையில இல்லாம பாத்துக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பாருங்க, எவ்வளவு எளிமை. ஆபத்து எதுல? துப்பாக்கியில. அதை எடு. வேலையை எடுக்காதே.

நம்ம வீட்டுல கண் ஆபரேஷன் பண்ணின தாத்தாவை ஒரு மாசம் வண்டி ஓட்டவேணாம்னு சொல்றோம். சாவியை வாங்கி வெச்சுக்கிறோம். வீட்டை விட்டுத் துரத்துறோமா?

ஆனா ஒரு உண்மையையும் சொல்லணும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் இயலாமைப் பட்டியல்ல சேர்த்தது, அரசு வேலையில ஒதுக்கீடும் கொடுத்தது. அதே சட்டத்துல விலக்கு அளிக்கிற அதிகாரமும் இருக்கு. 2021 ஆகஸ்டுல மத்திய அரசு துணை ராணுவப் படைகளின் போர்ப்பணியிடங்களுக்கும் இந்தியக் காவல் பணிக்கும் அந்த விலக்கைக் கொடுத்தது. அதனால தாரிவால் தீர்ப்பைக் காட்டி எல்லாரும் எல்லா வேலையும் வாங்கிடலாம்னு நினைச்சுடாதீங்க. பணியில இருக்கும்போது நோய் வந்தவருக்கு அது ஒரு கவசம். புதுசா சேருறவருக்கு வழி இன்னும் குறுகல்தான்.

அடுத்தது நம்ம தமிழ்நாட்டுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற சம்பவம். கோவை சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் 2023 ஜூலை 7-ஆம் தேதி தற்கொலையால் உயிரிழந்தார். நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்கள்ல எஸ்.பி.யா இருந்தவர், நம்ம டெல்டா மக்களுக்குத் தெரிஞ்ச அதிகாரி. அவர் மனச்சோர்வுக்கும் ஓ.சி.டி.க்கும் சிகிச்சையில இருந்தார்னு அன்னிக்கே உயர் அதிகாரி பேட்டியில சொன்னார்.

அதுக்கு அப்புறம் ரெண்டு வகைப் பேச்சு. ஒண்ணு, “இப்படிப்பட்டவரை எப்படி டி.ஐ.ஜி. ஆக்கினாங்க?” எனக்குக் கோபம் வந்தது இதுலதான். அவர் வேலையைச் சரியா செஞ்சதாலதான் ஆக்கினாங்க. மனச்சோர்வோட நல்லா வேலை செய்றவங்க உங்க ஆபீஸ்ல, உங்க பள்ளிக்கூடத்துல, என் மருத்துவமனையில, எல்லா இடத்துலயும் இருக்காங்க. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ரெண்டாவது பேச்சு சத்தமில்லாம நடந்தது. காவலர் குடியிருப்புகள்ல. “பாத்தியா, வைத்தியம் பாத்தா நோயோட பேரு டிவியில வரும்.” அந்தப் பேட்டியில கெட்ட எண்ணம் இருந்திருக்கும்னு நான் நினைக்கல. வதந்தியை நிறுத்தத்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா ஒரு ஏட்டு அதுல இருந்து என்ன கத்துக்கிட்டிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

தமிழ்நாடு காவல்துறை ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா அது அநியாயம். நிம்ஹான்ஸ் உதவியோட காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி கொண்டு வந்தாங்க. 2021-ல் காவலர்களுக்கு வார விடுப்பு அறிவிச்சாங்க. அந்த விடுப்பு திருவிழா, பந்தோபஸ்து, அரசியல் கூட்டம்னு எத்தனை வாரம் கையில கிடைக்குதுன்னு எந்தக் காவலர் மனைவியைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என் அனுபவத்துல, போலீஸ்காரருக்கு நான் எழுதித் தந்த மாத்திரைகளை விட ரெண்டு நாள் முழுத் தூக்கம் நல்லா வேலை செஞ்சிருக்கு.

வெளிநாட்டுல என்ன செய்றாங்கன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல ரகசியக் கோப்பு பாக்குற அனுமதிக்கு ஒரு பெரிய படிவம் உண்டு. அதுல 21-ஆவது கேள்வி மனநலம். ஒரு காலத்துல யார்கிட்ட ஆலோசனைக்குப் போனாலும் எழுதணும். போர்ல இருந்து திரும்பின வீரர்கள் அந்தக் கேள்விக்குப் பயந்தே டாக்டர்கிட்ட போகல. 2008-ல் போர் தொடர்பான ஆலோசனையை எழுத வேணாம்னாங்க. 2013-ல் பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்கு விலக்கு. 2016-ல் கேள்வியையே மாத்தி, முடிவெடுக்கும் திறனையும் நம்பகத்தன்மையையும் பாதிக்கிற நிலை இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. வைத்தியம் பாக்குறது ஒரு நல்ல அறிகுறின்னு எழுதியே போட்டாங்க. 2012 முதல் 2020 வரை அவங்க பாத்த சுமார் 54 லட்சம் முடிவுகள்ல மனநல விஷயம் வந்தது 97,000. அதுல மனநலத்தை மட்டுமே காரணமா வெச்சு அனுமதி மறுக்கப்பட்டது அல்லது பறிக்கப்பட்டது எத்தனை தெரியுமா? 62.

அறுபத்திரெண்டு பேர். அதுக்காக எத்தனை ஆயிரம் பேர் வைத்தியம் பாக்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க!

எதிர்ப்பக்கத்தையும் பாத்துடலாம். 2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ் விமானம். துணை விமானி வேணும்னே மலையில மோதினார், விமானத்துல இருந்த 150 பேரும் போயிட்டாங்க. “இதுக்கு என்ன சொல்றீங்க டாக்டர்?”னு கமெண்ட் வரும், அதனால நானே சொல்லிடுறேன். பிரான்ஸ் விசாரணை அமைப்போட அறிக்கையில இருக்குறது இது: ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு டாக்டர் அவரை மனநல மருத்துவமனையில சேரச் சொல்லியிருக்காரு. விமான நிறுவனத்துக்கு யாரும் சொல்லல. அவரும் சொல்லல. சொன்னா உரிமம் போகும், பயிற்சிக்கு வாங்கின கடன் நிக்கும், வருமானம் போகும். அந்த அறிக்கை மருத்துவர்கள் எப்போ ரகசியத்தை உடைக்கலாம்னு தெளிவான விதி கேட்டது. கூடவே, உரிமம் இழக்குற விமானிக்குப் பண நஷ்டத்தைக் குறைக்க வழி செய்யுங்க, சக விமானிகள்கிட்ட மனசு விட்டுப் பேச ஏற்பாடு பண்ணுங்கன்னும் சொன்னது. நானும் ரெண்டு பக்கத்தையும் ஏத்துக்கிறேன். என் முன்னாடி உக்காந்து ஒரு விமானி “எல்லாரையும் சேத்து முடிச்சுக்கலாம்னு இருக்கு”ன்னு சொன்னா, நான் ரகசியம் காப்பாத்த மாட்டேன். நம்ம சட்டமும் அதைக் கேக்கல.

ஆக எனக்கு வேண்டியது இவ்வளவுதான். “எப்போதாவது மனநோய் இருந்ததா”ங்கிற கேள்வி போகணும், உறவினர் கேள்வி குப்பைக்குப் போகணும். இப்போ இந்த வேலையைப் பாதுகாப்பா செய்ய முடியுமா, தூக்கம் எப்படி, குடி எப்படி, மருந்து ஒழுங்கா எடுக்குறாரா, போன ரெண்டு வருஷம் எப்படி இருந்தார்னு கேளுங்க. அதை எடை போடுறது ஒரு மனநல மருத்துவரா இருக்கணும், அந்த ஆளுக்கு வைத்தியம் பாக்குற மருத்துவரா இருக்கக் கூடாது. நோயாளி மனசு விட்டுப் பேசுற நாற்காலியும் தீர்ப்பு எழுதுற நாற்காலியும் ஒண்ணா இருந்தா ரெண்டுமே கெட்டுப் போகும். மறுத்தா காரணத்தை எழுதிக் கொடுங்க, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாருங்க. கட்டுப்பாட்டுல இல்லாத மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருக்கிறவர் கையில துப்பாக்கி வேணாம்னு நானே எழுதித் தருவேன். அதுல தயக்கம் இல்ல.

அதெல்லாம் மாறுற வரைக்கும், இப்ப படிவம் கையில இருக்கிற பிள்ளைகளுக்கு:

பொய் எழுதாதீங்க. பின்னாடி தெரிய வந்தா நோய்க்காக இல்ல, மறைச்சதுக்காக வேலை போகும். வழக்குல நிக்கிறதும் கஷ்டம். அதுக்காகக் கேக்காததை எல்லாம் எழுத வேண்டியதும் இல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் போதும்.

உங்க மனநல மருத்துவர்கிட்ட இப்போதைய நிலையைப் பத்தி ஒரு கடிதம் வாங்கி வெச்சுக்குங்க. நோயோட பேரை விட, எவ்வளவு காலமா அறிகுறி இல்லாம இருக்கீங்க, என்ன வேலை செய்ய முடியுதுங்கிறது அதுல இருக்கணும். துணை ராணுவத்துல தகுதியில்லைன்னு சொன்னா மறு மருத்துவப் பரிசோதனை கேக்க வழி இருக்கு. அவகாசம் ரொம்பக் குறைவு, அன்னிக்கே அறிவிப்பைப் படிச்சுப் பாருங்க. ரெண்டு மா நிலத்தை அடமானம் வெச்சுப் பயிற்சி மையத்துல சேத்திருக்கிற பெத்தவங்க, பையன்கிட்ட “இதுல தவறினா குடும்பமே போச்சு”ன்னு சொல்றதை இந்த ரெண்டு மாசமாவது நிறுத்துங்க.

முக்கியமா, மெடிக்கலுக்கு முன்னாடி மாத்திரையைத் திடீர்னு நிறுத்தாதீங்க. ரத்தத்துல தெரிஞ்சிடும்னு பயந்து நிறுத்துற பிள்ளைங்க வருஷா வருஷம் வர்றாங்க. சில மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டுனு விட்டா தலைசுத்தல், குமட்டல், தூக்கமில்லாம, உடம்புல கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். அந்த நிலையில எப்படிக் கயிறு ஏறுவீங்க? நிறுத்தணும்னா டாக்டர் மேற்பார்வையில மெல்ல மெல்லக் குறைக்கணும்.

லித்தியம் எடுக்குறவங்க இன்னும் கவனம். மே மாச வெயில்ல மைதானத்துல ஓடி, தண்ணி குடிக்காம வேர்த்துக் கொட்டினா ரத்தத்துல லித்தியம் அளவு ஏறும். கால் வலிக்குன்னு மருந்துக் கடையில டைக்ளோஃபெனாக், ப்ரூஃபென் வாங்கிப் போட்டா இன்னும் ஏறும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, பேதி, குழறல் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, மறுநாள் வரை காத்திருக்காதீங்க. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு தாங்கலைன்னா 14416, அது டெலி மனஸ். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. 104-லயும் கூப்பிடலாம். போலீஸ்காரரும் கூப்பிடலாம்.